பிரிக்காத கவரும் ஓயாத நட்சத்திரமும்

கத்தரியக்கா முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தது விண்வெளி ஆய்வு அலுவலகத்தில். அங்கே அவளுக்கு என்ன வேலை என்று எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் அக்காவின் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டாள். அவர் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாக அடுக்கி அடுக்கியே ஓய்வு பெற்றவர். எதையும் மேலே எழுதியிருக்கிறபடியே வாசித்துப் பழகிய மனிதர். "துப்புரவுப் பிரிவுல தலைவி" என்றார். தீர்ந்தது கதை. அன்றிலிருந்து தெருவில் யார் வீட்டுச் சட்டையில் மைக்கறை பட்டாலும் அக்காவிடம் யோசனை கேட்க வந்துவிடுவார்கள். அவளும் முகம் சுளிக்காமல், உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கச் சொல்லி அனுப்புவாள். விளக்கிச் சொல்லப் போனால் அரைநாள் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

நாம் விளக்கித்தான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடிக்கிறார்களே, அதே எக்ஸ் கதிர் சில நட்சத்திரங்களிலிருந்தும் வருகிறது. காற்றைத் தாண்டி அது தரைக்கு இறங்காது. அதனால் மேலே ஒரு செயற்கைக்கோளை அனுப்பி, அதில் கண் மாதிரி ஒரு கருவியை வைத்துப் பிடிக்கிறார்கள். பிடித்தது கீழே அலுவலகத்துக்கு எண்களாக வந்து, திரையில் ஏறி இறங்கும் ஒரு கோடாக ஓடும். அதில் நட்சத்திரம் செய்ததும் இருக்கும், கருவி தூங்கி வழிந்ததும் இருக்கும். கருவி செய்த குளறுபடிகளைத் தேடிப் பிடித்து வெட்டி எறிந்து, மிச்சத்தை விஞ்ஞானிகளுக்கு அனுப்புவதுதான் மூன்றாம் மாடித் துப்புரவுப் பிரிவின் வேலை. வெட்டு ஒன்று துண்டு ரெண்டு என்று வெட்டுவாள். கத்தரியக்கா என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

அந்தக் கண் பார்த்துக்கொண்டிருந்தது பதினேழு ஜோடிகளை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று, நம் சூரியனைப் போல் இருபது மடங்கு கனமான பெரிய நட்சத்திரம். இன்னொன்று செத்துச் சுருங்கிய நியூட்ரான் நட்சத்திரம். ஒரு ஊர் அளவுதான் இருக்கும், ஆனால் சூரியனைவிடக் கனம். பெரியவள் சும்மா இருக்கமாட்டாள், சதா தன் மேலிருந்து காற்றாக ஊதிக்கொண்டே இருப்பாள். சின்னவன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து அந்தக் காற்றைக் குடிப்பான். குடித்தது அவன் மேல் விழுகிற வேகத்தில் சூடேறி எக்ஸ் கதிராகக் கொட்டும். அவன் தன்னைத்தானே சுற்றுகிறபோது அது விட்டு விட்டுத் துடிக்கும். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர், "அப்ப வேலை வெட்டி இல்லாம மாமியார் வீட்டுல உட்கார்ந்து சாப்பிடுற மாப்பிள்ளைன்னு சொல்லு" என்றார். விஞ்ஞானம் அவருக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை.

பதினோராவது ஜோடி மேல் அக்காவுக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். காரணம், ஊரே அந்த ஜோடியைக் கொண்டாடியது. மற்றச் சின்னவன்கள் எல்லாம் ஒருநேரம் வெளுத்து வாங்குவான்கள், ஒருநேரம் மெல்ல மெல்லச் சோர்ந்து படுப்பான்கள். இந்தப் பதினோராவது ஜோடியின் சின்னவன் மட்டும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு துடிப்பாக, பெரியவளின் முதுகுக்குப் பின்னால் மறைகிற இரண்டு நாள் தவிர, ஓயவே மாட்டான். 'ஓயாதவன்' என்று அவனுக்குப் பெயர் வைத்து, ஏன் ஓயமாட்டான் என்பதற்கு ஒரு கோட்பாட்டையும் எழுதி, அதனாலேயே பதக்கம் வாங்கி, அதனாலேயே டைரக்டர் நாற்காலியிலும் உட்கார்ந்தார் ஒருவர். நல்ல மனிதர்தான். மேடை ஏறினால் இறங்கமாட்டார், அது ஒன்றுதான் குறை. எந்தக் கூட்டமானாலும், "இவ்வளவு சுத்தமான தரவு உலகத்துல எங்கயும் கிடைக்காது. எங்க கத்தரியக்கா கையில தப்புன்னு ஒண்ணு வந்ததே கிடையாது" என்பார். அக்கா குனிந்துகொள்வாள். ஆனால் அந்த வரி வரும்வரை கூட்டத்தை விட்டு எழுந்து போகவும் மாட்டாள்.

இனி விதி ஏழு. செயற்கைக்கோள் மேலே போன முதல் வருஷம் அதன் கண்ணுக்கு மின்சாரம் சரியாகப் போகவில்லை. திடீர் திடீரென்று பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் கண் அவிந்துவிடும். திரும்பத் தானே எரியும். திரையில் கோடு தடாலென்று தரைக்கு விழுந்து, தடாலென்று எழும். பதினேழு ஜோடியிலும் இந்தக் கூத்து. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொன்றையும் வெட்டினாள். கைப்புத்தகத்தில் தன் கையாலேயே எழுதினாள்: 'விதி ஏழு. கோடு திடீரென விழுந்து திடீரென எழுந்தால் அது கருவிக் கோளாறு. வெட்டுக.'

அந்தக் கண்ணுக்கு மின்சாரம் கொடுக்கிற பொறுப்பு முதல் மாடியில் இருந்த என்ஜினியருக்கு. அவருக்கு வோல்டேஜ் என்று பெயர். அக்கா விடுவாளா? ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு புகார்ச் சீட்டு எழுதி முதல் மாடிக்கு அனுப்பினாள். ஒரே வாரத்தில் நாற்பது சீட்டு. நாற்பத்தோராவது சீட்டு திரும்பி வந்தது. பின்பக்கத்தில் வோல்டேஜின் கோணல் கையெழுத்தில், 'குப்பைப் பிரிவுக்கு: எழுதிக்கொண்டே இருந்தால் எப்போது சரி செய்வது?' என்று இருந்தது.

குப்பைப் பிரிவு! அக்காவுக்கு உச்சந்தலையில் ஏறியது. அன்றைக்கே சபதம்: முதல் மாடியிலிருந்து எது வந்தாலும் தொடுவதில்லை. வோல்டேஜ் படியேறி வந்தால் இவள் லிஃப்டில் இறங்குவாள். கேன்டீனில் அவர் உட்கார்ந்த மேசையில் இடம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள். அந்த வருஷக் கடைசியில் முதல் மாடியிலிருந்து ஒட்டிய கவர் ஒன்று வந்தது. பிரிக்காமல், மேலே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கீழ் இழுப்பறையில் போட்டு, மேலே பழைய நாட்காட்டிகளை அடுக்கினாள்.

அதற்குப் பிறகு கோளாறுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. நாற்பது சீட்டுக்குப் பயந்துதான் குறைந்தன என்று அக்கா நினைத்துக்கொண்டாள். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

இப்படிப் பதினாலு வருஷம் ஓடியது. செயற்கைக்கோளுக்கும் வயதாகிவிட்டது, அந்த மாதக் கடைசியோடு அதை அணைப்பதாக முடிவு. வெள்ளிக்கிழமை அக்காவுக்கும் ஓய்வு. திங்கட்கிழமை காலை அவள் மேசைக்கு ஒரு படிவம் வந்தது. இத்தனை வருஷம் வெட்டிய துண்டுகளையெல்லாம் அவள் 'குப்பை' என்று பெயர் போட்ட வட்டுகளில் சேர்த்து வைத்திருந்தாள். வெட்டியதைத் தூக்கிப் போட மனசு வராத ஜென்மம். அந்த வட்டுகளை வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அழிக்கப் போகிறார்கள். அழிக்க அவள் கையெழுத்து ஒன்று போதும். வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் மூன்று வேண்டும்: அவள் கையெழுத்து, 'அந்த நேரங்களில் கருவி நலமாக இருந்தது' என்று முதல் மாடிச் சான்று, டைரக்டரின் முத்திரை. வைத்துக்கொள்ளச் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்?

வேறொருத்தியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாள். படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: 'எந்த நட்சத்திரம், எத்தனை வெட்டு.' கட்டம் என்றால் நிரப்ப வேண்டும். அக்கா உட்கார்ந்து எண்ணினாள். முதல் வருஷம்: பதினேழு ஜோடியிலும் கிட்டத்தட்ட சமமாக வெட்டு. அடுத்த பதினாலு வருஷம்: விதி ஏழின்படி வெட்டியது அறுநூற்றுப் பன்னிரண்டு. அதில் பதினோராவது ஜோடியில், அறுநூற்றுப் பன்னிரண்டு.

தப்பாகக் கூட்டிவிட்டோம் என்று நினைத்து மறுபடி எண்ணினாள். மற்றப் பதினாறு ஜோடியிலும் சுழி.

கருவிக்கு எந்த நட்சத்திரத்தைப் பார்க்கிறோம் என்று தெரியாது. கெட்டால் எல்லாவற்றுக்கும் கெட வேண்டும். ஒருத்தன் மேல் மட்டும் அதற்கு என்ன விரோதம்? கீழ் இழுப்பறையை இழுத்தாள். பதினாலு நாட்காட்டிக்கு அடியில் கவர் இருந்தது. மேலே அதே கோணல் எழுத்தில், 'துப்புரவுப் பிரிவுக்கு. பொருள்: கண் கருவி மின்சாரம் நிரந்தரமாகச் சரி செய்யப்பட்டது.' பிரித்துப் படிக்கவே தேவையில்லை. துப்புரவுப் பிரிவு என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தான் அந்தப் பாவி மனுஷன்.

ஆக, கருவி அவியவில்லை. அந்த நேரங்களில் சின்னவனேதான் ஓய்ந்திருக்கிறான். பெரியவளின் காற்று ஒரே சீராக வராமல் திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. காற்று மெலிந்த நேரம் அவனைச் சுற்றியிருக்கிற காந்தம் வாசலைச் சாத்தி, ஒரு சொட்டும் உள்ளே விடாமல் தள்ளியிருக்கிறது. அப்புறம் திறந்திருக்கிறது. பதினாலு வருஷமாக அவன் அறுநூற்றுப் பன்னிரண்டு தரம் மூச்சை அடக்கிக் காட்டினான், இவள் அறுநூற்றுப் பன்னிரண்டு தரமும் அதை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, ஓயாதவன் என்று ஊரைக் கைதட்ட வைத்திருக்கிறாள். செயற்கைக்கோளும் அணையப் போகிறது. இனி யாரும் பார்க்கப் போவதில்லை. சின்னவன் ஓய்ந்தான் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அந்தக் குப்பை வட்டுகள்தான்.

ஒரு கையெழுத்து. போட்டால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குமேல் இந்தத் தப்பை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சுத்தமான கையோடு வீட்டுக்குப் போகலாம். போடலாமா என்று அவள் யோசித்தாள். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் நாம் பொய் சொன்னவர்கள் ஆவோம். செவ்வாய்க்கிழமை முழுக்கப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். புதன்கிழமை காலை பொறுக்கமுடியாமல் இரண்டாம் மாடிக்கு இறங்கி டைரக்டர் அறைக்குப் போனாள்.

"சார், பதினொண்ணாம் ஜோடியில நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

டைரக்டர் தன் பாராட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிச் சிரித்தார். "வாங்கம்மா, வாங்க. போற நேரத்துல எல்லாருக்கும் இப்படித்தான் தோணும். எங்க அப்பா ரிட்டயர் ஆகும்போது ஒரு வாரம் தூங்கலை."

"இல்லை சார். விதி ஏழுல வெட்டினது எல்லாம் கோளாறே இல்லை. நிஜமாவே அது ஓயுது."

"அது ஓயாதும்மா. ஏன் ஓயாதுன்னு நான் தொண்ணூறு பக்கம் எழுதியிருக்கேனே."

"என் தரவை வெச்சுத்தானே சார் எழுதினீங்க?"

"அதான் சொல்றேன். உங்க தரவு! அதுல தப்பு எப்படிம்மா இருக்கும்?" என்றார் டைரக்டர். அவர் மழுப்பவில்லை, மனசார நம்பிச் சொன்னார். இந்த மாதிரி நம்பிக்கையோடு யாரால் சண்டை போட முடியும்? ஒரு சாக்லேட் எடுத்துக் கொடுத்து, "நல்லாத் தூங்குங்க" என்று அனுப்பி வைத்தார். முப்பத்தோரு வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய நல்ல பெயர், இப்போது கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அவளை வெளியே நிறுத்திவிட்டது.

சாயங்காலம் வீட்டில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தாள். அவர் செய்தித்தாளை இறக்கவே இல்லை. "நீயா? தப்பா? போம்மா. நான் வெச்ச இடம் மறந்துபோன பொருளைக்கூடத் தேடி எடுத்துத் தருவே. உனக்கா தப்பு வரும்?"

"என்னங்க, கொஞ்சம் கேளுங்களேன். முதல் மாடி என்ஜினியர் அப்பவே லெட்டர் அனுப்பியிருக்கார். நான்தான் பிரிக்கலை."

செய்தித்தாள் இறங்கியது. "என்ன பிரிக்கலை?"

அவள் கைப்பையிலிருந்து கவரை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னாலும் பின்னாலும் பார்த்தார், தேதியைப் பார்த்தார், ஒட்டின ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பதினாலு வருஷம்! வந்த தபாலைப் பிரிக்காம பதினாலு வருஷம் வெச்சிருந்தியா? என் வீட்டுக்குள்ளயா இப்படி ஒரு ஆள்? மழையில நனைஞ்சுபோன கடிதத்தைக்கூட இஸ்திரிப் பெட்டி வெச்சுக் காயவெச்சு அனுப்பினவன் நான். முகவரி பாதி அழிஞ்சிருந்தாலும் ஆளைத் தேடிப் பிடிப்போம். அது உன் கைக்கே வந்து சேர்ந்திருக்கு, நீ நாட்காட்டிக்கு அடியில போட்டுப் புதைச்சிருக்கே!"

"அந்தத் தப்புக்காகத்தான் ஒரு நட்சத்திரமே—"

"நட்சத்திரம் கிடக்கட்டும்! மேல எவன் எரிஞ்சா என்ன, அவிஞ்சா என்ன? லெட்டரைப் பத்திப் பேசு. அனுப்பினவன் பதில் வரும் வரும்னு பார்த்துக்கிட்டே இருந்திருப்பானே!"

அக்கா அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. கன்னத்தில் அறை வாங்கினது போல இருந்தது. "இப்ப என்ன பண்றது?" என்று சின்னக் குரலில் கேட்டாள்.

"இது என்ன கேள்வி? வாங்க வேண்டியவர் வாங்கலைன்னா அனுப்பினவருக்கே திருப்பிக் குடுக்கணும். கிழிக்காம, திறக்காம, அப்படியே. அதான் எங்க சட்டம்" என்றார் அவர். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதுகூட இரண்டு தடவை தலையை ஆட்டிக்கொண்டே, "பதினாலு வருஷம்" என்றார்.

வியாழக்கிழமை அக்கா முதல் மாடிப் படிவரை மூன்று தரம் போய்த் திரும்பினாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பாராட்டு விழா. கூடம் நிறைந்திருந்தது, வோல்டேஜ் வரவில்லை, வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. பிஸ்கட், டீ, கண்ணாடிக் கேடயம் ஒன்று. கேடயத்தில், 'பிழையே அறியாத கரங்களுக்கு' என்று பொறித்திருந்தது. டைரக்டர் நாற்பது நிமிஷம் பேசினார். அதில் முப்பது நிமிஷம் ஓயாதவனைப் பற்றி. கடைசியில் அக்காவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவள் மைக்கைப் பிடித்தாள். "நான் பதினாலு வருஷமா தப்பு பண்ணியிருக்கேன்" என்றாள். "பதினொண்ணாம் ஜோடி ஓயுது. அறுநூத்திப் பன்னெண்டு தடவை ஓஞ்சிருக்கு. நான் கருவிக் கோளாறுன்னு நினைச்சு வெட்டிட்டேன். கருவி நல்லாத்தான் இருந்திருக்கு. கோளாறு என் கிட்டதான்."

கூடத்தின் பின்வரிசையிலிருந்து ஒருவர், "இதான் எங்க அக்கா!" என்று உரக்கக் கத்தினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க! தப்பே பண்ணாதவங்களுக்குத்தான் இவ்வளவு அடக்கம் வரும்!"

கேடயத்தைக் கையில் திணித்தார்கள். நல்ல கனம். அக்கா எல்லோரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டு, கைகுலுக்க வந்தவர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, கேடயத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். மணி இரண்டு ஆகிவிட்டது. அழிப்பதற்கு இன்னும் இரண்டு மணிநேரம். படிவத்தையும் கவரையும் எடுத்துக்கொண்டு, லிஃப்டில் போகாமல், படியிறங்கி முதல் மாடிக்குப் போனாள். பதினாலு வருஷத்தில் முதல் தடவை.

வோல்டேஜ் தனியாகத்தான் இருந்தார். அணையப் போகிற செயற்கைக்கோளின் மின்சார அளவுகளை ஒரு தடித்த நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். தலைமுடி நன்றாக நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வரவேற்கிறாரா, ஓடப்போகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"இது உங்களோடது. திருப்பிக் குடுக்க வந்தேன்" என்று கவரை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தார். ஒட்டின ஓரத்தைப் பார்த்தார். "நீங்க இதைப் பிரிக்கவே இல்லையா மேடம்?"

"இல்லை."

"படிச்சிட்டுத்தான் அலட்சியமா இருந்தீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்." நாற்காலியில் உட்கார்ந்தார். "அதைச் சரி பண்ண எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. வீட்டுக்கே போகலை. நல்லா இருக்குன்னு நீங்க ஒரு சீட்டாவது அனுப்புவீங்கன்னு…" என்றவர், சட்டென்று நிறுத்தினார். கண் கூர்மையானது. "அப்ப, அதுக்கப்புறம் விதி ஏழுல வெட்டினீங்களா?"

"வெட்டினேன்."

"எத்தனை?"

"அறுநூத்திப் பன்னெண்டு. எல்லாம் பதினொண்ணாம் ஜோடி."

"எல்லாமே தப்பா?"

"எல்லாமே தப்பு."

"நம்புறேன்" என்றார் வோல்டேஜ், கொஞ்சமும் தயங்காமல். "நீங்க தப்பு பண்ணுவீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

காலையிலிருந்து கேட்ட பாராட்டெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்கு உறைபோடக் காணாது. அந்தக் கட்டடத்தில் பதினாலு வருஷமாக அவளை நம்பாத ஒரே மனிதர் அவர். அவள் சொன்னதை நம்பியதும் அவர் ஒருத்தர்தான்.

அலமாரியைத் திறந்தார். பதினாலு வருஷ நோட்டுகளும் வரிசையாக இருந்தன; நிமிஷத்துக்கு நிமிஷம் மின்சார அளவு, யாரும் கேட்காத கணக்கு, ஒருநாள் விடாமல். அவள் தேதி சொல்லச் சொல்ல அவர் பக்கத்தைப் புரட்டினார். இருபது இடம் பார்த்தார்கள், முப்பது இடம் பார்த்தார்கள். ஒன்றிலும் கண் அவியவில்லை. மின்சாரம் குண்டூசி முனையளவுகூட நகரவில்லை. "பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் வோல்டேஜ் மேசையைத் தட்டினார். சந்தோஷத்தை மறைக்கிற மரியாதைகூட அந்த மனுஷனுக்கு இல்லை. அக்காவுக்கு அது பிடித்திருந்தது.

சான்றில் அவரும், அழிக்க வேண்டாம் என்ற வரிக்கு எதிரே அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது: 'கோளாறு இருந்த இடம்.' அக்கா பேனாவை வாங்கி, 'மூன்றாம் மாடி, ஜன்னலோர மேசை' என்று எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார். பேனாவைத் திருப்பி வாங்கி, அதற்குக் கீழே கோணல் எழுத்தில், 'முதல் மாடியும்' என்று சேர்த்தார்.

"நீங்க என்ன பண்ணீங்க?" என்றாள் அவள்.

"ரெண்டு மாடி. பதினாலு வருஷத்துல ஒருநாள் ஏறி வந்து, 'மேடம், சரி பண்ணியாச்சு'ன்னு வாயால சொல்லியிருக்கலாம். வீம்பு."

மூன்றே முக்காலுக்கு அவள் டைரக்டர் அறையில் நின்றாள். அவர் மேசையில் மறந்துபோன கேடயத்தைத் துடைத்து வைத்திருந்தார். "இதை விட்டுட்டுப் போயிட்டீங்களேம்மா. என்ன இது, படிவமா? குடுங்க."

"சார், படிச்சுப் பாருங்க."

"நீங்க குடுத்ததை நான் படிக்கணுமா?" முத்திரையை எடுத்தார்.

"படிச்சுப் பாத்துட்டு அடிங்க சார். இதுல உங்க தொண்ணூறு பக்கமும் போயிடும்."

"விளையாடாதீங்கம்மா" என்று சிரித்தார் டைரக்டர். படிவத்தின் மூன்று பிரதிகளிலும் டம் டம் டம் என்று அடித்தார். 'அழிக்க வேண்டாம், என்றென்றும் வைத்திருக்கவும்' என்ற வரியின் மேல் முத்திரை அழகாக, நேராக விழுந்தது. தன் கையாலேயே ஓயாதவனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, கேடயத்தை ஒரு பையில் போட்டு அவளிடம் கொடுத்தார்.

வட்டுகள் வைக்கிற அறையில் படிவத்தைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு அவள் படிக்கட்டுக்கு வந்தபோது நாலு அடிக்க இரண்டு நிமிஷம். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் வோல்டேஜ் நின்றுகொண்டிருந்தார்.

"படிச்சாரா?"

"ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டேன். படிக்கலை. அவ்வளவு நம்பிக்கை."

வோல்டேஜுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். "முப்பத்தோரு வருஷத்துல என்னை ஒருத்தரும் திட்டினதே இல்லை சார். இன்னைக்காவது யாராச்சும் திட்டியிருக்கலாம். எழுந்து நின்னு கை தட்டுறாங்க. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

வோல்டேஜ் கொஞ்சம் யோசித்தார். "உட்காருங்க" என்றார். தானும் இரண்டு படி தள்ளி உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அறுநூத்திப் பன்னெண்டு! ஒரே நட்சத்திரத்துல மட்டும் விழுதேன்னு ஒரு தடவை யோசிக்க மாட்டீங்களா? கண்ணு எங்க போச்சு உங்களுக்கு? ஒரு வார்த்தை எழுதினான்னு ஒரு மனுஷனோட லெட்டரைப் பிரிக்கமாட்டீங்க, அவ்வளவு ராங்கி…"

கத்தரியக்கா கேடயப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையைக்கூட வெட்டாமல், முழுசாகக் கேட்டாள்.